எரிசிக்தானின் மகள்

அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் நாங்கள் வீடு வாங்கியது இரண்டாயிரத்து நான்காம் வருடக் கோடையில். அதுவரை பிஸ்கட்டவேயில் ஒரு அபார்ட்மெண்டில் இருந்தோம். மேல்வீட்டில் ஸ்பூன் விழுந்தால் எங்கள் வீட்டில் குனிந்து தேடுகிற அளவுக்கு நெருக்கமான குடியிருப்பு. சொந்த வீடு என்றதும் அம்மா நேராகச் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பார்த்தாள். நான் மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினேன். அப்பா மட்டும் உள்ளே வராமல் வாசலில் நின்று மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மரத்துக்காகவே இந்த வீட்டை வாங்கலாம் என்றார்.

அது ஓக் மரம். வாசல் கதவுக்கு நேர் எதிரே, புல்தரையின் நடுவில் நின்றது. நானும் அம்மாவும் இரண்டு பக்கமும் நின்று கட்டிப்பிடித்தால் விரல்கள் தொடாது. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாள் எங்களை வரவேற்க கேக் கொண்டுவந்தபோது, தெருவில் எந்த வீடும் இல்லாத காலத்திலிருந்தே அந்த மரம் இருப்பதாகச் சொன்னார். தன்னுடைய சொத்தைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு பெருமையாகச் சொன்னார்.

அப்பா ஒரு மருந்து கம்பெனியில் புள்ளிவிவரம் பார்க்கிறவர். எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தார்கள், எத்தனை பேருக்குக் குணமானது, குணமானது மருந்தாலா தற்செயலாகவா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதனால் வாஸ்து, ராகுகாலம், பூனை குறுக்கே போவது இதையெல்லாம் வாசற்படி தாண்ட விடமாட்டார். வீடு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று விசாரித்த ஆன்ட்டிகளிடம், ரோட்டைப் பார்த்திருக்கிறது என்று சொன்னவர்.

அப்படிப்பட்ட மனிதர் அக்டோபரில் ஒருநாள் சாப்பிடும்போது, மரத்தை எடுத்துவிடலாம் என்றார். ஊரிலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, போன் செய்திருந்தாள். நாங்கள் அனுப்பிய வீட்டு போட்டோவை யாரோ ஒரு ஜோசியரிடம் கொண்டுபோய்க் காட்டினாளாம். அவர் போட்டோவில் மரத்தின் மேல் விரலை வைத்து, வாசலுக்கு நேரே இப்படி நின்றால் குடும்பத் தலைவருக்கு ஆகாது என்றாராம்.

"நீங்களா இத சொல்றீங்க?" என்றாள் அம்மா.

"அக்கா மனசு கஷ்டப்படக் கூடாதுல்ல. அவ்ளோதான்," என்றார் அப்பா, தட்டைப் பார்த்தபடி.

மரம் வெட்ட வந்த ஆட்களின் தலைவன் தண்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல ஆரோக்கியமான மரம், நிச்சயமாக வெட்டத்தான் வேண்டுமா என்று கேட்டான். அப்பா வெட்டச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவன் கதவைத் தட்டி மறுபடியும் கேட்டான். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ரம்பத்தின் சத்தத்தில் வீட்டு ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தன் புல்தரையில் வந்து நின்றார். கடைசிக் கிளை வண்டியில் ஏறும் வரை நின்றார்.  எல்லோரும் போன பிறகு நான் போய் அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெட்டிய இடம் இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தது.

அதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அந்த வருடம் எங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சருக்கு கிரேக்கக் கடவுள்களின் மேல் ஒரு பிரியம். நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் லீவு முடிந்து வந்ததிலிருந்து தினமும் யாராவது ஒரு மனிதன் ஏதாவது ஒரு கடவுளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். ஒருவன் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறான், குனிந்தால் தண்ணீர் வற்றிவிடுகிறது. ஒருவன் பாறையை மலைமேல் உருட்டிக்கொண்டே இருக்கிறான். நன்றாக நெய்தேன் என்று சொன்ன குற்றத்துக்கு ஒரு பெண் சிலந்தி ஆகிறாள். வகுப்பு முழுக்க வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும். மற்றவர்களைவிட நான் கொஞ்சம் அலட்சியமாகவே கேட்டேன் என்று சொல்ல வேண்டும். ஏழு வயது வரை ஊரில் வளர்ந்தவள், சாபம் எனக்குப் புதிதில்லை. நம் ரிஷிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் கோபக்காரர்களே தவிர கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. காலில் விழுந்து அழுதால் மனம் இளகி, இன்னார் வருவார், இன்னது நடக்கும், அப்போது உனக்கு விமோசனம் என்று ஒரு வழி வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

அதனால் ஒருநாள் கையைத் தூக்கி, இந்தச் சாபங்களெல்லாம் எப்போது தீரும் என்று கேட்டேன். டீச்சருக்குக் கேள்வி புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, தீராது, கிரேக்கக் கடவுள் கொடுத்த தண்டனை கொடுத்ததுதான் என்றார். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். 

அடுத்து வந்த கதைதான் எரிசிக்தானுடையது. அவன் ஒரு ராஜா. தானியங்களுக்கெல்லாம் அதிபதியான டிமீட்டர் என்ற தெய்வத்துக்குச் சொந்தமான ஓக் மரத்தை வெட்டச் சொல்கிறான். வேலைக்காரர்கள் தயங்குகிறார்கள். அவன் கோபப்பட்டு வெட்டுகிறான். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து ரத்தம் வருகிறது. டிமீட்டர் தூரதேசத்திலிருந்து பசியை வரவழைக்கிறாள். பசி ஒரு எலும்பும் தோலுமான பெண். அவள் அவனைக் கட்டிக்கொண்டு அவன் வாய்க்குள் தன் மூச்சை ஊதிவிட்டுப் போகிறாள். அன்றிலிருந்து அவன் எவ்வளவு சாப்பிட்டாலும் பசிக்கிறது. சாப்பிடச் சாப்பிட மெலிகிறான். வீட்டில் இருந்ததையெல்லாம் விற்றுத் தின்கிறான். கடைசியில் ஒன்றும் மிச்சமில்லாமல் சொந்த மகளை விற்றுவிடுகிறான்.

டீச்சர் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்குக் காது அடைத்துவிட்டது. எல்லாம் எங்கள் வீட்டில் நடந்தது. தயங்கிய வேலைக்காரன், கோபம், ஓக் மரம், நான் கையால் தொட்டுப் பார்த்த அந்தச் சிவப்பு ஈரம்.

அன்று மாலை அப்பா ஆபீசிலிருந்து வந்து கோட்டைக் கூடக் கழற்றாமல் பிரிட்ஜைத் திறந்து, குளிர்ந்த சாம்பார் சாதத்தை நின்றபடியே சாப்பிட்டார். ஆரஞ்சு ஜூஸ் கேனை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டார். பிறகு ரொட்டி. பிறகு வாழைப்பழம். பிறகு அம்மா ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதும் எதுவும் சாப்பிடாதவர்போல வந்து உட்கார்ந்தார். இதையெல்லாம் நான் முன்பும் பார்த்திருக்க வேண்டும், கவனித்ததில்லை. இப்போது கவனித்தேன். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தனியாக நின்றது. பெல்ட்டில் ஓட்டை போதாமல் ஆணி வைத்துத் தட்டிப் புது ஓட்டை போட்டிருந்தார். அவர் சாப்பிடுகிறார், மெலிகிறார். எனக்கு என் சோறு இறங்கவில்லை.

மற்றவர்கள் யாருக்கும் இது பயமாகத் தெரியவில்லை என்பதுதான் இன்னும் பயமாக இருந்தது. அம்மாவுக்கு, இப்போதுதான் மனிதர் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று சந்தோஷம். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவருகிற பொங்கல் பாட்லக்கில் அப்பா தட்டை மூன்றாவது முறை நிரப்பிக்கொண்டபோது ஆன்ட்டிகள், உங்க வீட்டுக்காரர் எப்படி ஸ்லிம் ஆயிட்டார் என்று அம்மாவைச் சூழ்ந்துகொண்டு ரகசியம் கேட்டார்கள். அம்மா முகமெல்லாம் பூரிப்பாக, தினமும் வாக் போறார் என்றாள். ஒரு அங்கிள் அப்பாவின் தோளைத் தட்டி, எனக்கும் அந்த டயட்டைச் சொல்லுங்க சார் என்றார். அப்பா சிரித்தார். கன்னத்தில் எலும்பு தெரிந்தது. இத்தனை பெரியவர்கள் நடுவில் ஒருவருக்கும் தெரியாத உண்மை எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் உண்மை ஆகிவிடும் என்று பயம்.

என் சொந்தப் பயம் ஒன்றும் இருந்தது. அது தவிடு.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கேலி செய்வதற்கென்றே ஒரு பேச்சு உண்டு. உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்பார்கள். நான் அடம்பிடித்தால் அப்பா அதைத்தான் சொல்வார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு அம்மா கூடையில் வைத்திருந்தாள், ஒருபடி தவிடு கொடுத்து வாங்கி வந்தோம், அதுவும் நல்ல தவிடு என்று பிசிறில்லாமல் சொல்வார். அம்மா ஆமாம் என்று தலையாட்டுவாள். நானும் சிரிப்பேன். ஆனால் இப்போது யோசித்தால் எல்லாம் வேறுமாதிரி இருந்தது. எரிசிக்தானுக்காவது பெற்ற மகள். அவனுக்கே மனசு வந்தது. தவிட்டுக்கு வாங்கியதைத் திருப்பி விற்க என்ன யோசனை வேண்டியிருக்கும்?

எனக்குத் தெரிந்த பரிகாரங்களைச் செய்து பார்த்தேன். டிமீட்டர் தானியத் தெய்வம் என்பதால், அம்மாவுக்குத் தெரியாமல் பொன்னி அரிசியை ஒரு கை அள்ளிக்கொண்டு போய் அடிமரத்தின் மேல் வைத்துக் கும்பிட்டேன். கிரேக்கத் தெய்வத்தைக் கும்பிடும் முறை தெரியாததால் பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணத்தையே போட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னலிலிருந்து பார்த்தார். பனி பெய்து அரிசி மூடிக்கொண்டது. வீட்டில் அப்பா இரண்டாவது கேன் ஜூஸைத் திறந்துகொண்டிருந்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமை அவர் என் ஷூ லேசைக் கட்டுவதற்காகக் குனிந்தார். அவருடைய மூச்சு என் முகத்தில் பட்டது. அது அப்பாவின் வாசனையாக இல்லை. அதிகம் பழுத்து அழுகப்போகிற பழத்தின் வாசனை, அதோடு அம்மா நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் நெடி. நான் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டேன். பசி ஊதிவிட்டுப் போன மூச்சு அவருக்குள் இருந்தது. அப்பா நிமிர்ந்து, என்னம்மா என்று கேட்டார். நான் ஒன்றுமில்லை என்றேன். அன்றிலிருந்து அவர் பக்கத்தில் வந்தாலே நான் விலகிப் போனேன். அதே சமயம் அவர் செத்துப்போய்விடுவார் என்று நினைத்து அழுகையும் வந்தது. அவரைக் கண்டு பயம், அவருக்காகவும் பயம். இரண்டையும் வைத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்புப் படிப்பது சுலபமாக இல்லை.

எனக்குத் தோன்றிய கடைசி வழி, அவருக்கு விற்கிற அளவுக்குப் பசி வராமல் பார்த்துக்கொள்வது. ஸ்கூலில் மதியச் சாப்பாட்டைத் தொடாமல் டப்பாவோடு திருப்பிக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தேன். சாப்பிட முடியவில்லை என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் வாங்கித் தின்றார். ஒருநாள் மதியம் கேஃபடீரியாவில் மேற்பார்வைக்கு நிற்கும் பெண்மணி, திறக்காத என் டப்பாவைப் பார்த்துவிட்டு என்னை ஸ்கூல் நர்சிடம் அனுப்பினார்.

நர்ஸ் உயரமான, பெரிய கண்ணாடி போட்ட அம்மாள். ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை அழுகை வந்ததோ. விக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா எப்போதும் பசியாக இருக்கிறார், சாப்பாட்டை அவருக்காக எடுத்து வைக்கிறேன், இல்லாவிட்டால் கதையில் வந்த ராஜா மாதிரி என்னை விற்றுவிடுவார். விற்பாரா என்றார் நர்ஸ். ஆமாம், என்னை ஆஸ்பத்திரி வாசலில் வாங்கித்தான் வந்தார்கள், அம்மாவுக்கும் தெரியும் என்றேன்.

அமெரிக்க ஸ்கூல் ஒன்றில் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று ஊரில் தவிட்டுக் கதையைக் கண்டுபிடித்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அப்பாவும் அம்மாவும் பிரின்சிபல் அறையில் இருந்தார்கள். அம்மா பனியில் பூட்ஸ் கூடப் போடாமல் வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். கால்விரல்கள் சிவந்திருந்தன. நம்மவர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் அப்போது ஒரு கதை உலவும். யாரோ ஒருவர் பிள்ளையை ஓங்கி ஒரு அடி அடித்தாராம், பிள்ளை ஸ்கூலில் சொல்லிவிட்டதாம், கவர்மெண்ட் ஆட்கள் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். அந்தக் கதை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது என்று அம்மா நினைத்திருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டவள் விடவே இல்லை.

அறையில் இன்னொரு பெண்மணியும் இருந்தார். கவுன்சலர். என்னைப் பார்த்து ரொம்ப அன்பாகச் சிரித்தார். நான் பார்த்ததும் புரிந்துகொண்டேன், என்னை வாங்கப்போகிறவர் இவர்தான்.

"இட்ஸ் எ ஜோக். இன் அவர் பிளேஸ், எவ்ரிபடி சேஸ். வீ பாட் யூ ஃபார் பிரான். ரைஸ் பிரான். லைக்... ஓட் பிரான்," என்று அப்பா விளக்கிக்கொண்டிருந்தார்.

பிரின்சிபல் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்பாவுக்கு வியர்த்தது. தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். கொடுத்தார்கள். ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தவிட்டை விளக்கினார். மறுபடி தண்ணீர் கேட்டார். அதையும் குடித்துவிட்டு, பாத்ரூம் எங்கே என்றார். திரும்பி வந்து உட்கார்ந்து இன்னொரு தடவை தண்ணீர் கேட்டபோது, கதவோரம் நின்றிருந்த நர்ஸ் தவிட்டுப் பேச்சை நிறுத்தச் சொன்னார். அப்பாவின் அருகில் வந்து குனிந்து அவர் மூச்சு படும் தூரத்தில் நின்றார். எத்தனை நாளாகத் தாகம், எவ்வளவு எடை குறைந்தது என்று கேட்டார். அப்பா காலித் தம்ளரைக் கையில் உருட்டினார். நர்ஸ் அம்மாவிடம் திரும்பி, நாளைக்கு இல்லை, இப்போதே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள், அவரை டிரைவ் பண்ண விடாதீர்கள் என்றார். யாரும் என்னைப் பற்றிப் பேசவில்லை. கவுன்சலர் என்னை வாங்காமலே அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்த மெஷின் எண்ணே காட்டவில்லையாம். அதிகம் என்று எழுத்தில் மட்டும் காட்டியதாம். சர்க்கரை. மூச்சில் அந்தப் பழ வாசனை வந்ததும் அதனால்தானாம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் மயங்கி விழுந்து எழுந்திருக்கவே மாட்டார் என்று டாக்டர் சொன்னதாக அம்மா அத்தையிடம் போனில் சொல்லி அழுதாள்.

என்னை உள்ளே விட்ட அன்று மாலை வெயில் ஜன்னல் வழியாகப் படுக்கையில் விழுந்திருந்தது. அப்பாவின் கையில் ட்யூப். மூச்சில் பழ வாசனை இல்லை, அதை முதலில் சோதித்துக்கொண்டேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"ஜூலைலேருந்து," என்றார் அப்பா.

அம்மா நாற்காலியைப் படுக்கையை ஒட்டி இழுத்துப் போட்டாள். பிறகு, "உங்களுக்குத் தெரியும். அப்ப அந்த மரம்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஜூலை முதலில் வருகிறது, அக்டோபர் பிறகு வருகிறது. மரத்தை வெட்டுவதற்கு முன்பே தண்டனை வந்துவிட்டது. டிமீட்டர் செய்யப்போகிற குற்றத்துக்கு முன்கூட்டியே தண்டிக்கிறவள் என்று முடிவுசெய்தேன். அவளிடம் எனக்கு இருந்த பயம் இரண்டு மடங்காகிவிட்டது. அன்று எனக்கு எட்டியது அவ்வளவுதான். பின்னால்தான் புரிந்தது, ஜூலையிலேயே அப்பாவுக்கு அது இன்னதென்று தெரியும். நாள் முழுக்க நோயையும் மருந்தையும் கணக்குப் பார்க்கிற மனிதருக்குத் தெரியாமல் இருக்குமா? டாக்டர் காரில் போகிற தூரத்தில்தான் இருந்தார். ஆனால் டாக்டரிடம் போனால் அவர் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார். ஜோசியர் மரம் என்றார். மரத்தை வெட்ட முடியும். எங்கள் வீட்டில் அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் மட்டும்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

அப்பா என்னைப் படுக்கைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். கவுன்சலர் ஏதோ கதை என்று சொன்னாரே, அது என்ன கதை என்று கேட்டார். சொன்னேன். ராஜா, மரம், பசி, மகள் எல்லாம் சொன்னேன். மகளை விற்ற இடத்தில் அப்பா என் தலையில் கையை வைத்தார்.

"கடைசில அந்த ஆளுக்கு என்னாச்சு?"

"தின்ன ஒண்ணுமே இல்லப்பா. அதனால தன்னையே தின்னுட்டான். கொஞ்சம் கொஞ்சமா. ஃபர்ஸ்ட் விரல். அப்புறம் பாதம். அப்புறம் கால்."

 அப்பா போர்வையை விலக்கித் தன் வலது காலை வெளியே நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். ஊரில் தாத்தாவுக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, இதே சர்க்கரையில் முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்கால் வரை. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர் அப்பா. அப்போது அவருக்கு அன்றைய என் வயதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எனக்கு இதை அத்தை சொன்னது நான் காலேஜ் முடித்த பிறகு. அன்று நான் அவருக்குக் கால் குளிர்கிறது என்று நினைத்தேன். போர்வையை இழுத்து மூடினேன். அப்பா விலக்கினார். நான் மறுபடியும் மூடினேன்.